பில்லில் பில்லைக் கழித்தால் சேமிப்பு தெரியாது

கட்டிடத்தின் ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் (chiller) இயந்திரத்தை மாற்றினோம், போன மே கரண்ட் பில்லில் இந்த மே பில்லைக் கழித்தோம், மிச்சம் இவ்வளவு என்று கணக்கு காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: போன மேயில் வெயில் எப்படி?

வேலை தொடங்குமுன் 12 மாத யூனிட்டை எழுதி வையுங்கள். ரூபாயை நம்பாதீர்கள், தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் ஏறியதுபோல கட்டணம் ஏறினால் சேமிப்பே கண்ணில் படாது. இ.பி. யூனிட்டோடு ஜெனரேட்டர் யூனிட்டையும், மாடியில் சோலார் இருந்தால் அதையும் கூட்டுங்கள். புதிதாகப் போட்ட சோலாரைச் சேமிப்பாகக் காட்டும் கெட்டிக்காரர்கள் உண்டு! கொரோனாவால் ஆள் வராத 2020-ஐ அடிப்படை ஆண்டாக எடுக்கவே வேண்டாம்.

அடுத்து வெயில். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையில் 18 டிகிரியைக் கழித்து, ரீடிங் எடுத்த தேதியிலிருந்து அடுத்த ரீடிங் தேதிவரை கூட்டுங்கள். இதுதான் குளிரூட்டல் டிகிரி நாள். 12 மாத யூனிட்டையும் டிகிரி நாளையும் எக்செல்லில் போட்டு ஒரு நேர்கோடு வரையுங்கள். மாதம் 30,000 யூனிட் நிலையான செலவு, அதற்கு மேல் டிகிரி நாளுக்கு 60 யூனிட் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். போன மே 400 டிகிரி நாள், 54,000 யூனிட். இந்த மே 450. பழைய சில்லரே இருந்திருந்தால் 57,000 ஆகியிருக்கும். மீட்டர் காட்டுவது 48,000. சேமிப்பு 9,000 யூனிட். பில்லைக் கழித்தவருக்குக் கிடைப்பது 6,000தான்.

நடுவில் ஒரு தளம் காலியானாலோ, புது சர்வர் அறை வந்தாலோ அதையும் தனியாகச் சரிக்கட்ட வேண்டும்.

சேமிப்பு மொத்த யூனிட்டில் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாத பில்லில் அதைத் தேடாதீர்கள், மற்ற ஏற்ற இறக்கத்தில் கரைந்துவிடும். மாற்றிய கருவியையே அளக்க வேண்டும். எல்.இ.டி.க்கு அந்த லைட்டிங் சர்க்யூட்டில், உண்மையில் இழுக்கும் வாட்டை அளக்கும் பவர் அனலைசர் மாட்டுங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஆம்பியரைத்தான் சொல்லும், பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்பதை, சொல்லாது. எரியும் மணி நேரத்தை, அதைத் தானே பதிவு செய்யும் லாகர் கருவி வைத்து எடுங்கள், செக்யூரிட்டியிடம் கேட்டு எழுதாதீர்கள்.

சில்லருக்கு, மணிக்கு ஓடும் தண்ணீரை லிட்டரில் எடுத்து, உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி, 3024-ஆல் வகுத்தால் டன் வரும், அதாவது சில்லர் தரும் குளிர்ச்சியின் அளவு. 60,000 லிட்டர், 5 டிகிரி என்றால் சுமார் 99 டன். அந்த நேரத்தில் சில்லர் இழுக்கும் கிலோவாட்டை இதால் வகுங்கள், ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் என்று தெரியும். இந்த அளவைப் பழைய சில்லர் ஓடும்போதே எடுத்துவிடுங்கள். அதைக் கழற்றி லாரியில் ஏற்றிய பிறகு கேட்டால், கான்ட்ராக்டர் தனக்குச் சாதகமான ஒரு எண்ணைத்தான் நீட்டுவார்.