டிராக்கன்ஸ்பர்க் மலையில் ஓடைத் தண்ணீரைக் குடிநீராக்குவது எப்படி?

சென்ற ஜூலையில் டர்பனிலிருந்து நாலு பேர் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலை ஏறினோம். சென்டினல் கார் நிறுத்தத்திலிருந்து நடை, சங்கிலி ஏணி, உச்சியில் துகேலா ஓடைக்குப் பக்கத்தில் கூடாரம். கையில் நல்ல வடிகட்டி இருந்தது. ஆனாலும் வீடு திரும்பிய பத்தாம் நாள் வயிறு கலங்கியது. பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. தப்பு எங்கே நடந்தது என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

1. தண்ணீரைக் கூடாரத்துக்கு மேற்பக்கம், ஓடும் இடத்தில் எடுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பக்கத்து நாடான லெசோத்தோவின் மேய்ப்பர்களுடைய மாடுகளும் ஆடுகளும் அங்கேதான் மேய்கின்றன. மலையேறிகள் ஒதுங்குவதும் அங்கேதான். கலங்கலாக இருந்தால் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

2. அழுக்குத் தண்ணீர்ப் பையில் நிரப்பி, வடிகட்டியைத் திருகி, சுத்தமான பாட்டிலுக்குள் பிழியுங்கள். என் ஓட்டு பிழியும் வகைக்குத்தான். பம்ப் வகை கனம், அதில் கழன்று தொலைய உதிரிகளும் அதிகம். அழுக்குப் பையில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் பை மாறினால் செய்த வேலை எல்லாம் வீண். பிழிய வராமல் அடைத்துக்கொண்டால், கூட வரும் சிரிஞ்சில் சுத்தத் தண்ணீரை எடுத்துப் பின்பக்கமாகச் செலுத்துங்கள்.

3. இங்கேதான் நான் கோட்டை விட்டேன். வடிகட்டிக்குள் இருப்பவை நூல் போன்ற மெல்லிய குழல்கள். அவற்றின் சுவரில் 0.1 மைக்ரான் துளைகள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாக்டீரியாவும் ஜியார்டியாவும் அதில் நுழைய முடியாது. ஆனால் ஒருமுறை நனைந்த வடிகட்டியை எவ்வளவு உதறினாலும் உள்ளே ஈரம் தங்கும். அது உறைந்தால் பனிக்கட்டி விரிந்து குழல்களைக் கிழித்துவிடும். ஜூலை அங்கே குளிர்காலம், இரவில் உச்சியில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். நான் அதைக் கூடாரத்துக்கு வெளியே முதுகுப்பையின் பக்கப் பையில் விட்டுத் தூங்கினேன். காலையில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சுலபமாக வந்தது. சந்தோஷப்பட்டேன், மடையன்!

கிழிசல் வெளியே தெரியாது. அதனால் ராத்திரி வடிகட்டியை ஜிப் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு படுக்க வையுங்கள். உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிடுங்கள். புதிது, இன்னும் நனையாதது என்றால் பயமில்லை.

4. வைரஸ் அந்தத் துளைகளில் புகுந்துவிடும். அதனால் வடித்த பிறகு குளோரின் டை ஆக்சைடு மாத்திரை போட்டு அரை மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த தண்ணீருக்கு இன்னும் அதிகம். மாத்திரை இல்லையா? வீட்டிலிருக்கும் சாதாரண ஜிக் (துணி வெளுக்கும் குளோரின் பிளீச்), லிட்டருக்கு நாலு சொட்டு, இரண்டு மணி நேரம். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி ஜிக்குக்கு மசியாது, வடிகட்டிதான் அதைப் பிடிக்கும். ஆக ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

வடிகட்டி போய்விட்டால் கொதிக்க வையுங்கள். 3000 மீட்டரில் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். கேஸ் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு தம்பி எலுமிச்சை வாசனை ஜிக்கை எடுத்துப் போயிருக்கிறார். வாசனை சேர்த்தது கூடவே கூடாது, தம்பி. இன்னொரு அக்கா நனைந்த வடிகட்டியைக் கார் டிக்கியில் வைத்துவிட்டு சென்டினலில் இரவு தங்கினாராம். அக்கா, கார் டிக்கியும் உறையும்.