சிரியாக் புனிதர் வரலாறுகள்: ஆண்டிலும் புள்ளியிலும் வரும் தவறுகள்

சிரியாக் என்பது அரமேய மொழியின் ஒரு வடிவம், கிழக்குத் திருச்சபைகளின் பழைய மொழி. அதன் கையெழுத்துப் படிகளில், எழுதி முடித்த நாளைக் கடைசிக் குறிப்பில் படியெடுத்தவரே சொல்லியிருப்பார். பலரும் சறுக்குவது அங்கேதான். 'கிரேக்கர் ஆண்டு' என்றிருந்தால் அது கி.மு. 312இலிருந்து எண்ணும் செலூக்கிய ஆண்டு. கி.பி. ஆண்டாக்க உடனே 311ஐக் கழித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு பிறப்பது அக்டோபரில்; ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை 312ஐயும், ஜனவரி முதல் செப்டம்பர் வரை 311ஐயும் கழிக்க வேண்டும். எடெசாவில் (இன்றைய துருக்கியின் உர்ஃபா) எழுதப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் 12150 என்ற எண்ணில் இருக்கும் படியில் மறைசாட்சிகளின் பட்டியல் உள்ளது. அதன் குறிப்பு: 723, இரண்டாம் திஷ்ரி மாதம். அதாவது நவம்பர் 411. கண்ணை மூடிக்கொண்டு 311ஐக் கழித்தால் 412 ஆகிவிடும்.

ஓராண்டு பிசகினால்கூடப் பொறுக்கலாம். தூண்மேல் தவமிருந்த சிமியோனின் வரலாறு உள்ள வத்திக்கான் படியில் 521 என்றிருக்கிறது. செலூக்கியக் கணக்குப்படி அது கி.பி. 210, அவர் இறந்ததோ 459இல்! அது அந்தியோக்கியா நகரின் ஆண்டு. 48ஐக் கழித்தால் 473 வரும். எண்ணைப் பார்க்குமுன் யாருடைய ஆண்டு என்று பாருங்கள்.

படியெடுத்த ஆண்டு வேறு, இயற்றிய காலம் வேறு. புனித தோமாவின் பணிகளைச் சொல்லும் நூலின் லண்டன் படி 936இல் எழுதப்பட்டது. நூலோ மூன்றாம் நூற்றாண்டினது என்பது பொதுவான கணிப்பு. அதில் மயிலாப்பூர் என்ற பெயரே கிடையாது. நம்மூர் மரபை அதற்குள் ஏற்றிப் படிப்பது நியாயமில்லை.

அடுத்தது புள்ளி. தாலத் (த), ரிஷ் (ர) என்ற சிரியாக் எழுத்துகள் இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான். புள்ளி கீழே இருந்தால் தாலத், மேலே இருந்தால் ரிஷ். எழுதிய தோல் தேய்ந்து புள்ளி அழிந்தால் 'செய்தான்' என்பது 'கடந்தான்' ஆகிவிடும். வாக்கியத்தில் பொருளை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். பெயர்ப் பட்டியலில் அந்த வசதி இல்லை. கிரேக்க வடிவமோ வேறொரு படியோ கையில் இல்லாமல் முடிவு கட்டாதீர்கள்.

'மார்' பெயரல்ல, 'என் ஆண்டவர்' என்னும் மரியாதைச் சொல். கேரளச் சிரியன் சபைகளில் இன்றும் புழங்குகிறது. பெண்களுக்கு 'மார்த்'. அகரவரிசையில் மார் யாக்கோபை 'ம'வில் தேடினால் கிடைக்கமாட்டார்.

பவுல் பெட்ஜான் 1890 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக அச்சிட்ட சிரியாக் புனிதர் வரலாறுகளின் பதிப்பு வசதியானது, ஆனால் அதிலுள்ள உயிர்க்குறிகள் அச்சில் சேர்க்கப்பட்டவை. பழைய படியின் எழுத்துமுறையை விவரிக்க அதை மேற்கோள் காட்டாதீர்கள்.