இருளர் சாதிச் சான்றிதழ்: மனு எழுதும் முன் செய்ய வேண்டியவை

செங்கல்பட்டுப் பக்கம், தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. ஊரை ஒட்டிய ஏரிக்கரையில் இருக்கும் இருளர் என்ற பழங்குடிக் குடும்பங்களுக்காக எட்டு பேர் சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறோம்; அதில் இரண்டு பேர் இருளர் பையன்கள். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “சான்றிதழ் வாங்கித் தர எங்கே ஆரம்பிப்பது?”

ஆபீஸில் ஆரம்பிக்காதீர்கள். குடியிருப்புக்குப் போங்கள், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். பகலில் போனால் ஆடுகளைத்தான் பார்த்துவிட்டு வரலாம். எல்லோரும் கட்டட வேலைக்கோ மரம் வெட்டவோ போயிருப்பார்கள்.

கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் ஒவ்வொரு குடும்பத்தின் சொந்தக்காரர்களையும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழைத் தருவது தாசில்தார் இல்லை, 1989இலிருந்து கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தான். அவர் முதலில் கேட்பது, உங்கள் ரத்த சொந்தத்தில் யாரிடம் ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறது என்பதை. அப்பா பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார், தாத்தா பெயரில் துண்டுக் காகிதம் இருக்காது. ஆகவே பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று தேட வேண்டும். பெண்ணுக்கு அவள் அப்பா வழிச் சொந்தம்தான் கணக்கு. புருஷன் சான்றிதழைக் கொடுத்து மனு போட்டுத் திரும்பி வந்த பெண்கள் என் கடையிலேயே ஐந்தாறு பேர்.

எல்லோரும் ‘ஆயா’ என்று கூப்பிடும் ஒரு பாட்டி. பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள், கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டும். எழுதிக்கொண்டே வந்ததில், ஆயாவின் கொழுந்தன் மகன் ஒருவன் திருவள்ளூர்ப் பக்கம் இருக்கிறான், அவனிடம் ‘அந்தப் பேப்பர்’ உண்டு என்று தெரிந்தது. போன் நம்பர் கிடையாது, ஊர்ப் பேரும் சரியாகத் தெரியாது. “மாசி மகத்துக்கு வருவான் கண்ணு” என்றார் ஆயா. அப்படியே நடந்தது. மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, புடவையால் கூடாரம் கட்டித் தங்கிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம்கூட அங்கேயே நடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆயா கூடாரம் கூடாரமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார், பின்னால் நான் செல்போன் வெளிச்சத்தோடு. பதினோராவது கூடாரத்தில் ஆள் கிடைத்தான். அன்றிலிருந்து வருடா வருடம் நோட்டோடு போகிறோம். எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லாத சொந்தபந்தம் முழுவதும் அந்த மணலில் ஒரே ராத்திரி உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் பெயர். ரேஷன் கார்டில் கன்னியம்மாள், ஆதாரில் கன்னியம்மா, வாக்காளர் அட்டையில் கண்ணியம்மாள் என்று இருக்கும். பிறந்த தேதி கேட்டால் பாதிப் பேருக்கு ஜனவரி 1. மனு போடும் முன்பே இதைச் சரிசெய்யுங்கள். விசாரணை நடக்கும்போது திருத்தப் போனால், ஏதோ தில்லுமுல்லு என்று நினைப்பார்கள். விண்ணப்பத்தில் சாதிப் பெயர் ‘இருளர்’ என்றே இருக்க வேண்டும். நம் பக்கம் பேச்சில் ‘வில்லி’, ‘வில்லியர்’ என்பார்கள். அந்தப் பெயர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இல்லை.

இ-சேவை மையத்தில் பதிந்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கி, எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனால் பேச்சு நகராது.

மனு போட்டவரை விசாரணைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். எலி, பாம்பு பிடிப்பது இருளரின் பழைய தொழில் என்பதால் அதையே சோதனையாகக் கேட்பார்கள். ஆட்டோ ஓட்டும் ஒரு பையனிடம், “இருளன்னா எலி பிடிச்சுக் காட்டு” என்றார் ஓர் அதிகாரி. அவன் பிறந்ததிலிருந்து டவுனில் இருக்கிறவன். பாம்பு பிடிக்கிற இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், எங்களுக்கும் பெருமைதான். அதற்காக எல்லா இருளரும் பாம்பு பிடித்துக் காட்ட வேண்டுமா? இனத்தின் பழைய பழக்கங்கள் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கவழக்கச் சோதனை ஒன்றையே உரைகல்லாக வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொல்லிவிட்டது. கூடப் போகிறவர் அதைப் பணிவாக எடுத்துச் சொன்னால் போதும், சண்டை வேண்டாம். சான்றிதழ் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் வரட்டும் என்று சின்னப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டா வேறு கதை. நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்குப் பட்டா கிடைக்காது. ‘வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லி ஆசை காட்டாதீர்கள். மாற்று இடம் கேட்டுத்தான் மனு எழுத வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் அதைச் சங்கத்து பீரோவில் பூட்டி வைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்குப் பிடிக்காது. நகல் நமக்கு, அசல் அவர்களுக்கு. நான்கு நகல் எடுத்து, அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கூரைக் கம்பில் கட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால், தரையில் இருக்கிற டிரங்குப் பெட்டிதான் முதலில் நனையும்.