'தானே சுத்தமாகும்' மெம்பிரேனை நம்பிச் செய்யும் தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எம்.பி.ஆர். வகைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ன, மெம்பிரேன் என்ற நுண்துளை வடிபடலம் நீரை வடிகட்டும் முறை) விற்க வருபவர், "சார், இதோட மெம்பிரேன் தானாவே சுத்தமாயிடும்" என்பார். பாதி உண்மை. மெம்பிரேனாக இருக்கும் பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் நார்களில் நீரை ஈர்க்கும் தன்மையை ஏற்றியிருந்தால் எண்ணெயும் புரதமும் அவ்வளவாக ஒட்டாது. ஒட்டினாலும் லேசில் உதிரும். ஆனால் உதிர்ப்பது அடியிலிருந்து வரும் காற்றுக் குமிழி. கரண்ட் பில்லுக்குப் பயந்து, அந்தக் காற்றை ஊதும் புளோயரை நிறுத்திவிட்டு உறிஞ்சும் பம்பை மட்டும் ஓட்டினால், எந்த மெம்பிரேனும் சேறு பூசிக்கொள்ளும்.

டைட்டானியம் டை ஆக்சைடு பூசியது என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள். அது அழுக்கைச் சிதைக்கப் புற ஊதா ஒளி வேண்டும். டிகாக்‌ஷன் நிறத்தில் கிடக்கும் தொட்டிக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்?

எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி தலைமுடி. ஒருமுறை ஒரு குடியிருப்பில் மெம்பிரேன் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தோம். நார்கள் சடை பின்னியதுபோல் முறுக்கிக் கிடந்தன, நடுவே களிமண்போல் சேறு. மெம்பிரேன் தொட்டிக்கு முன்னால் இருந்ததோ 5 மி.மீ. சல்லடை. நார் வகைக்கு 1 முதல் 2 மி.மீ. வேண்டும். அதிலும் நீளப் பிளவு உள்ளதைவிட வட்டத் துளைத் தகடு நல்லது. பிளவு வழியே முடி நழுவிவிடும்.

அப்புறம் பிரஷர் கேஜ், அதாவது பம்ப் எவ்வளவு பலமாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்று காட்டும் அழுத்தமானி. அடைப்பு கூடக் கூட அதன் முள் பல நாள் மெதுவாக ஏறி, திடீரென்று ஒரே தாவலாகத் தாவும். அப்போது தண்ணீர் குறைகிறதே என்று பம்பின் வேகத்தைக் கூட்டுவார்கள். குறைக்க வேண்டிய நேரம் அது.

கழுவுவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) நுண்ணுயிர்கள் ஒட்டி வளர்ந்த உயிர்ப் படலத்துக்கு, சிட்ரிக் ஆசிட் உப்புப் படிவுக்கு. ஒன்றைப் போட்டு நன்றாக அலசாமல் மற்றதைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், ஆளையே சாய்த்துவிடும். வாரா வாரம் ஹைப்போவைக் கெட்டியாக ஊற்றுவதும் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய அந்த ஒட்டாத தன்மையையே அது அரித்துவிடும். பின்னால் ஆர்.ஓ. இருந்தால், கழுவிய பிறகு வரும் முதல் நீரைத் தொட்டிக்கே திருப்புங்கள், ஆர்.ஓ.வின் பாலிஅமைடு படலம் குளோரினைத் தாங்காது.

நுரை பொங்கினால் சிலிக்கோன் கலந்த நுரையடக்கி ஊற்றாதீர்கள், அது போய் மெம்பிரேனிலேயே அப்பிக்கொள்ளும். பழுது பார்க்க வெளியே எடுத்த சட்டத்தை வெயிலில் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். காய்ந்த நாரின் நுண்துளைக்குள் தண்ணீர் மறுபடி எளிதில் ஏறாது. ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டுப் போங்கள்.