பிள்ளை தூங்கும் அறையில் ஸ்மார்ட் பல்பு: மலைவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீடுகளுக்கு, ஃபோன் செயலியிலிருந்தே இயக்கக்கூடிய ஸ்மார்ட் பல்பு, பிளக் பொருத்திக் கொடுக்கிறேன். இப்போது கூப்பிடுகிறவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள். எட்டு மணியானால் வெளிச்சம் தானாகக் குறைய வேண்டும், டேப்லெட் பூட்டிக்கொள்ள வேண்டும், பிள்ளை அடம்பிடிக்காமல் படுக்க வேண்டும். நல்ல ஆசைதான், நடக்கவும் செய்யும். ஆனால் பழைய தவறுகளே புது வீடுகளில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வைஃபை பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன், அவை உடனே தெரிந்துவிடும்.

கரண்ட் திரும்பி வரும்போது என்ன ஆகும் என்று பார்க்காதது

ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடிக்காற்று, எங்கள் பக்கம் ஐப்பசி மழை. ஒரு சீகை மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும்.

அப்படி ஒரு மழை நாளில் ஒரு வீட்டில் கரண்ட் வந்தபோது மணி இரண்டு. பிள்ளையின் அறையில் அணைந்திருந்த பல்பு முழு வெள்ளை வெளிச்சத்தோடு எரிந்திருக்கிறது. "அண்ணா, விடிஞ்சிருச்சுன்னு பாப்பா எழுந்து பிரஷ் கேக்குறா" என்று காலையில் அவள் அம்மா ஃபோனில் சொன்னார். பாப்பா மறுபடி தூங்க நாலு மணி ஆகியிருக்கிறது. அப்புறம் ஒரு வாரம் அந்த அறையில் படுக்கவே மாட்டேன் என்று அழுகை.

பல்பில் கோளாறு எதுவும் இல்லை. சுவர் ஸ்விட்சைப் போட்டால் எரிய வேண்டும் என்றுதான் கம்பெனியில் அமைத்து அனுப்புகிறார்கள். கரண்ட் போய் வந்ததா, யாராவது ஸ்விட்சைப் போட்டார்களா என்று பல்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் முழு வெளிச்சம். அதுவும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளையாக இருந்தால் நீல ஒளி அதிகம். தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதை அது தடுக்கும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்குள் வெளிச்சம் கூடுதலாகவே போகும்.

இதற்கான வழி செயலிக்குள்ளேயே இருக்கிறது. பல்பின் அமைப்புகளில் 'பவர்-ஆன் பிஹேவியர்' என்று இருக்கும். சிலவற்றில் 'பவர்-ஆஃப் மெமரி', 'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற பெயரில். கரண்ட் போகும்முன் இருந்த நிலைக்கே திரும்பும்படி மாற்றுங்கள். பிறகு பகலில் சோதியுங்கள்: செயலியில் பல்பை அணையுங்கள், எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் ஸ்விட்ச்) இறக்குங்கள், ஒரு நிமிடம் பொறுத்து ஏற்றுங்கள். பல்பு எரிந்தால் வேலை முடியவில்லை. வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத பல்பைக் கூடத்தில் மாட்டிக்கொள்ளலாம், பிள்ளை அறைக்கு வேண்டாம். பதினாறு மில்லியன் நிறம் காட்டி விற்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று ரவுட்டர். எட்டு மணிக்கு ரவுட்டர் செத்துக் கிடந்தால், இணையம் வழியாக ஓடும் ரொட்டீன் (குறித்த நேரத்தில் தானாக நடக்கும்படி செயலியில் போட்டு வைத்தது) அன்றைக்கு நடக்காது; எட்டேகாலுக்கு நெட் வந்தாலும் தானாக ஈடுசெய்யாது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று மாட்டிவிடுங்கள்.

சூரியன் மறைவதை வைத்து நேரம் குறிப்பது

ஊட்டியில் டிசம்பர் தொடக்கத்தில் ஆறு மணியளவில் அஸ்தமனம், ஜூலையில் 6:50 ஒட்டி. 'அஸ்தமனம் கழித்து இரண்டு மணி நேரம்' என்று போட்டால் தூங்கும் நேரம் ஆண்டுக்குள் ஐம்பது நிமிடம் நகரும். பள்ளி வேன் நகராது. கடிகார நேரத்தையே போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நொடியில் அணைப்பது

பொம்மைப்படம் பாதியில் நின்று, அறையும் இருண்டால் எந்தப் பிள்ளையும் அழும். 8:30-க்குத் தூங்க வேண்டுமென்றால் 7:30-க்கே திரையை நிறுத்துங்கள், பத்து நிமிடம் முன்னதாக ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒரு வார்த்தை சொல்லட்டும். பிறகு 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், அரைமணி நேரத்தில் மெதுவாகக் குறைந்து பத்து சதவீதம். பல் தேய்ப்பதும் கதை சொல்வதும் அந்த வெளிச்சத்தில் நடக்கட்டும். கதையை ஸ்பீக்கரிடம் ஒப்படைக்காதீர்கள், பாட்டி இருக்கும் வீட்டில் அது அநியாயம்.

தாத்தாவிடம் சொல்லாமல் விடுவது

அவர் வழக்கம்போல் சுவர் ஸ்விட்சை அணைப்பார். ஸ்விட்ச் அணைந்தால் ஸ்மார்ட் பல்பு செத்த பல்பு. அவர் கைக்கு எட்டும் இடத்தில் வயர்லெஸ் பட்டன் ஒன்று ஒட்டுங்கள்.

ரூம் ஹீட்டரை ரொட்டீனில் சேர்ப்பது

வேண்டவே வேண்டாம். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும், 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் உருகிவிடும். 16 ஆம்பியர் பிளக் தாங்கும், ஹீட்டர் மேல் விழுந்த கம்பளி தாங்காது.

டேப்லெட்டை மட்டும் பூட்டுவது

கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி டேப்லெட்டைப் பூட்டிய மறு நிமிடம் பிள்ளை அம்மாவின் ஃபோனை எடுத்துக்கொள்ளும். அதையும் 7:30-க்கு அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள்.