கொள்ளுத்தாத்தா டாக்டரா, கம்பவுண்டரா? தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் போய் நின்று, "எங்க கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிச்சவர், அவர் ஃபைல் வேணும்" என்று கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அங்கே தாள்கள் ஆள் பெயரில் அடுக்கப்படவில்லை. துறை, தேதி, அரசாணை எண், இவைதான் வரிசை. அந்தந்த ஆண்டின் இண்டெக்ஸைப் புரட்டி எண்ணைப் பிடித்த பிறகுதான் ஃபைல் கேட்க முடியும்.

அதற்கும் முந்தைய தவறு, வீட்டில் சொல்லும் 'டாக்டர்' என்பதை அப்படியே நம்புவது. அந்தக் காலத்து ஊர்களில் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டரும், காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸரும்கூட டாக்டர்தான். பழைய ரப்பர் ஸ்டாம்பு, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எது கிடைத்தாலும் பெயருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்.எம்.எஸ். என்றால் பல்கலைக்கழகப் பட்டம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பக்கம் தேடலாம். எல்.எம்.பி. என்றால் மருத்துவப் பள்ளிப் படிப்பு. ஆண்களுக்கு முக்கியமாக ராயபுரம் பள்ளி, அதாவது இன்றைய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. பெண்களுக்கு லேடி வில்லிங்டன் பள்ளி, அல்லது 1918-இல் தொடங்கிய வேலூர் பள்ளி. எல்.ஐ.எம். என்றால் 1925-இல் கீழ்ப்பாக்கத்தில் திறந்த இந்திய மருத்துவ (சித்தம், ஆயுர்வேதம், யுனானி) பள்ளி. ஒரே ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தால் தேடும் இடமே மாறிவிடும்.

1850-க்கு முன்னால் படித்தவர் என்றால் காலேஜ் என்று தேடாதீர்கள். 1835-இல் தொடங்கியபோது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் வெறும் மருத்துவப் பள்ளிதான். அங்கே சேர்ந்த மெடிக்கல் அப்ரெண்டிஸ்கள், அதாவது பயிற்சி மாணவர்கள், படை மருத்துவமனைகளுக்காகப் பழக்கப்பட்டவர்கள். அதனால் ராணுவத் துறை ஆவணத் தொகுதிகளையும் பார்க்க வேண்டும்.

வருடக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். குடும்ப நோட்டில் 'விகாரி வருஷம் மாசி மாதம் வேலையில் சேர்ந்தது' என்று இருக்கும். விகாரி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1899, 1959. எது என்பதை ஆளின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள். வருஷம் சித்திரையில் பிறப்பதால், மாசி என்றால் 1899 அல்ல. 1900 பிப்ரவரி, மார்ச்.

பெயரை ஒரே ஸ்பெல்லிங்கில் தேடுவதும் வீண். ஞானப்பிரகாசம் 'ஜி' வரிசையிலும் இருக்கலாம், 'என்' வரிசையிலும் இருக்கலாம். இனிஷியலும் சொந்த ஊரும் ஒத்துவராமல், பெயர் ஒன்று என்பதற்காக மட்டும் யாரையும் தாத்தா ஆக்கிவிடாதீர்கள்.

1914 மெட்ராஸ் மருத்துவப் பதிவுச் சட்டப்படி வந்த மருத்துவர் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. கம்பவுண்டருக்கும் டிரெஸ்ஸருக்கும் அதில் இடமே கிடையாது. அவர்களில் பலர் ஜில்லா போர்டு, முனிசிபாலிட்டி டிஸ்பென்சரிகளில் வேலை பார்த்தவர்கள். அந்த அமைப்புகளின் பழைய தாள்களில்தான் தேட வேண்டும்.

பரம்பரைச் சித்த வைத்தியருக்குச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். வீட்டில் ஏட்டுச்சுவடி இருந்தால் கடைசி ஏட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் பெயரும் வருஷமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிலவற்றில் குருவின் பெயரும் இருக்கும்.