ஓர்க் குரலுக்குத் தொண்டையைக் கிழிக்க வேண்டாம்

கற்பனை உலக வீடியோ கேம் ஒன்றில் முதன்முதலில் ஓர்க் (முரட்டுப் போர்வீரர் இனம்) தலைவன் ஒருவனுக்குக் குரல் கொடுத்தபோது, நாற்பது வசனத்தில் முப்பதைத் தாண்டுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிச்சத்தை இரண்டு நாள் கழித்துப் பதிவு செய்தோம். வேறு யாரோ பேசியது மாதிரி இருந்தது. அப்புறம்தான் தொண்டையை விட்டுவிட்டு வாயிலிருந்து தொடங்கப் பழகினேன்.

முதலில் பாத்திரத்தின் படத்தைக் கேட்டு வாங்கி மைக் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். கீழ்த்தாடையிலிருந்து கோரைப்பல் நீண்டிருந்தால் உதடு இரண்டும் சரியாக ஒட்டாது. தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி 'படை புறப்படட்டும்' என்று சொல்லிப் பாருங்கள். 'ப' எல்லாம் 'வ' பக்கம் சாயும். பாதி ஓர்க் அங்கேயே வந்துவிட்டான். ஊர்ப்பெயர், ஆள்பெயர் வரும் இடத்தில் மட்டும் தாடையைத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் எங்கே போகச் சொன்னான் என்று ஆடுபவருக்கே புரியாது.

கரகரப்பு வேண்டுமா? கத்தாதீர்கள். மைக்கை நெருங்கி மெதுவாகப் பேசுங்கள். ஒருதிசை மைக்கில், அதாவது முன்பக்கத்து ஒலியை மட்டும் நன்றாகப் பிடிக்கும் மைக்கில், அடிக்குரல் தானாகவே கனக்கும். போர்க்கூச்சல், சாவு அலறல் எல்லாம் கடைசியில்.

எல்ஃப் (நெடுங்காலம் வாழும் நளினமான இனம்) என்றாலே மூச்சுவிட்டு இழுத்துப் பேசுவது எனக்குச் சலித்துவிட்டது. அதற்குப் பதில், பேச்சில் நாம் விழுங்கிவிடும் குற்றியலுகரத்தை முழு உகரமாக, உதடு குவித்துச் சொல்லுங்கள்: காற்று, காடு, நேற்று. எண்ணூறு வருஷம் வாழ்கிறவளுக்கு என்ன அவசரம்?

ஓர் இனத்துக்கு இப்படி இரண்டு விதி போதும். நான்கைந்து பேர் பங்கிட்டுக் குரல் கொடுக்கும்போது அதற்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு வட்டார வழக்கை அப்படியே தூக்கி ஓர் இனத்தின் மேல் போடுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருமுறை திருட்டுக் கூட்டம் ஒன்றுக்கு நாங்களும் அதைச் செய்தோம். அந்த வழக்கு பேசும் பெண் ஒருவர் சோதித்துப் பார்க்க வந்தவர், ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. முழுவதையும் மறுபடி பதிவு செய்தோம். வார்கிராஃப்ட் கேமில் குள்ளர் இனத்தார் ஸ்காட்லாந்து வாடையில் பேசுகிறார்கள் என்பதற்காக எல்லோரும் அப்படியே பேச வேண்டுமா? 2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் கேமில் குள்ளர்கள் அமெரிக்க உச்சரிப்பில்தான் பேசினார்கள்.

உச்சரிப்பே தேவைப்படாத வழியும் உண்டு. மாஸ் எஃபெக்ட் கேமில் எல்கோர் இனத்தார் தட்டையான குரலில், என்ன உணர்ச்சி என்பதை முதலில் அறிவித்துவிட்டுத்தான் பேசுவார்கள். ஸ்கைரிம் கேமில் பூனை மாதிரி இருக்கும் கஜீத்துகள் பல இடங்களில் 'நான்' என்று சொல்லாமல் தங்கள் இனப்பெயரைச் சொல்வார்கள். வசனம் எழுதுபவரோடு உட்கார்ந்து இப்படி ஒன்றைப் பிடித்துவிட்டால் உங்கள் வேலை பாதியாகும்.

குரல் பிடிபட்ட அன்றே பத்து விநாடி பதிவு செய்து தனியாக வையுங்கள். ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்கிறேன். இடையில் இரண்டு நாள் விட்டாலும் இப்போது அதே ஓர்க் திரும்பி வருகிறான்.